இரண்டாவது லீவர்

ஜூலை 3, வியாழன்

ரவிக்கை இரண்டு முடித்தாயிற்று. மூன்றாவதற்குக் கொக்கி கட்டுவதுதான் பாக்கி. பாகூர் டீச்சரம்மா நாளைக்கு வந்து நிற்பார்கள்.

மத்தியானம் வீட்டுக்காரரை முதுகு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். டிராக்டர் என்றார் இவர். எத்தனை வருஷமாக? "கல்யாணம் ஆனதுலேர்ந்து சார்." டாக்டர் உடனே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்தேன்?

முதுகெலும்பில் வட்டு பிதுங்கியிருக்கிறதாம். "ஒரே பக்கமாத் திரும்பித் திரும்பி வேலை செய்வீங்களா?" என்று கேட்டதற்கு, "இல்ல சார், நேராத்தான் குந்துவேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். இனிமேல் டிராக்டர் சீட்டில் உட்காரவே கூடாது. பெல்ட் போட வேண்டும். குனிந்து எதையும் தூக்கக் கூடாது.

வரும் வழியெல்லாம் பேசவில்லை. முத்துக்குமரன் பேசாமல் வந்தால் பஸ்ஸில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு வந்து, கொட்டகையில் நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். "வித்துடலாம்."

ஜூலை 7, திங்கள்

விற்பதற்கு முன்னால் ஆள் போட்டுப் பார்ப்போமென்று, பாக்யராஜ் என்கிற ஒரு டிரைவரைப் பிடித்து வந்தோம். கிருமாம்பாக்கத்துப் பையன், புது வண்டிகளில் ஓட்டிப் பழகியவன். காலையில் பக்கத்து வீட்டு மணியம்மாக்காவின் மல்லாட்டைக் கொல்லையை, வேர்க்கடலை போடும் மேட்டு நிலத்தை, உழப் போனான். மத்தியானத்துக்குள் திரும்பி வந்து சாவியை ஜன்னலில் வைத்தான்.

"அண்ணா, இது ஆவாது. எறக்குனா கலப்ப ஆழமாப் போயி வண்டி செத்துப் போவுது. தூக்குனா தரையத் தொடவே மாட்டேங்குது. நடுவுல வெச்சா கெட்டி மண்ணுல இழுக்கவே மாட்டேங்குது."

இவர் கட்டிலில் படுத்தபடியே, "லீவரக் கையில வெச்சிகினே இருக்கணும்டா! பின்னாடி பாத்துகினே ஓட்டணும்! கலப்ப முங்கினா லேசா தூக்கணும், மேல வந்தா லேசா எறக்கணும்!" என்று கத்தினார். முதுகு பிடித்துக்கொண்டது. பாதிக் கத்தலில் "அய்யோ" என்று முடிந்தது.

பாக்யராஜ் சொன்னான்: "புது வண்டியில லீவர செட் பண்ணிட்டா அதுவே பாத்துக்கும்ணா."

"அப்ப புது வண்டிய ஓட்டு, போ."

போய்விட்டான்.

ஜூலை 8

பாக்யராஜ் போன் எடுக்கவில்லை. இவர் ஒன்பது தடவையாவது அடித்திருப்பார். கடைசியில் என் போனிலிருந்து அடித்தார். அதையும் எடுக்கவில்லை. கெட்டிக்காரப் பையன்.

ஜூலை 14, திங்கள்

மதகடிப்பட்டிலிருந்து ஹபீப் முகமது பாய் வந்தார். பழைய டிராக்டர் வாங்கி விற்பவர். வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், என்ஜினைப் போடச் சொல்லிக் காதைச் சாய்த்துக் கேட்டார். எங்கள் வண்டி பழசு. எங்கள் மகள் அர்ச்சனாவுக்கு அக்கா வயது. ஆனாலும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும்.

விலை ஒத்துப்போயிற்று. எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். நாளைக்கே என்பார் என்றுதான் நினைத்தேன்.

"வியாழக்கெழம ஆடி பொறந்துடுதேமா" என்றார்.

"உங்களுக்கு இன்னா பாய் ஆடி?"

"எனக்கு ஆடியும் இல்ல ஆவணியும் இல்ல. எங்கிட்ட வாங்குறவனுக்கு இருக்குதே! ஆடியில எவன் வண்டி வாங்குறான்? என் எடத்துல நின்னு மழையில நனையறதுக்கு உங்க கொட்டாயிலயே நிக்கட்டும். ஆவணி ஒண்ணாந்தேதி லாரியோட வரேன்."

இவர் கையைக் கொடுத்து, "வாக்கு பாய்" என்றார். அவரும் கையைக் கொடுத்தார். ஆயிற்று.

சாயங்காலம் கேட்டேன். வண்டியை விற்றுவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? ஏதோ கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். இவர்! வாட்ச்மேன்! வாசலில் ஒரு கோழி போனாலும் அதனிடம் நாலு வார்த்தை பேசுகிற ஆள். நாற்காலி போட்டு, கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு, சலாம் வைத்துக்கொண்டு... எனக்கு நினைக்கவே பிடிக்கவில்லை.

"நான் ஓட்டறேங்க" என்றேன்.

"நீ ஓட்டு, நான் வரப்புல குந்தி வேடிக்க பாக்கறேன். ஊரே சிரிக்கட்டும்."

களத்திலிருந்து நெல் மூட்டையை நான்தானே வண்டியில் ஏற்றி ஓட்டி வருகிறேன்? அப்போது சிரிக்காத ஊர் இப்போது ஏன் சிரிக்கும்? கேட்டேன். அது வேறயாம், உழவு வேறயாம்.

ஜூலை 18, வெள்ளி

நேற்று நல்ல மழை. காலையில் மணியம்மாக்கா வாசலில் வந்து நின்றது. "ஈரம் காயறதுக்குள்ள கொல்லைய ஓட்டிக் குடுங்கடி. பாதியில உட்டுட்டுப் பூட்டானே அந்தப் பையன். ஊருல ஒரு வண்டியும் காலி இல்ல."

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் சாவியை எடுத்துவிட்டேன்.

பின்னாலேயே வந்துவிட்டார் மனுஷன். பெல்ட் கட்டிக்கொண்டு, மணியம்மாக்காவின் பிளாஸ்டிக் நாற்காலியை வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டு அங்கிருந்து கமெண்டரி. "தூக்கு! எறக்கு! தூக்குடீ! பின்னாடி பாரு! முன்னாடியும் பாரு!" எனக்கு என்ன நாலு கண்ணா இருக்கிறது?

பாக்யராஜ் சொன்னது பொய்யில்லை. ஒன்பது கொழு வைத்த கலப்பை. மண் இளக்கமான இடத்தில் ஒழுங்காகப் போகிறது. கெட்டி மண் வந்ததும் என்ஜின் மூச்சு வாங்கிச் சக்கரம் அங்கேயே சுற்றுகிறது. லீவரைக் கொஞ்சம் தூக்கினால் விடுபடுகிறது, ஆனால் அடுத்த பத்தடிக்கு மேலாகக் கீறிக்கொண்டே போகிறது. வலது கையை லீவரில் வைத்து, உடம்பை முறுக்கிப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். முடித்துப் பார்த்தால் கொல்லை முழுக்க மேடும் பள்ளமும்.

மணியம்மாக்கா பெருந்தன்மையாக, "பரவால்லடி, மல்லாட்ட மண்ணுக்குள்ளதான காய்க்கும், யாருக்குத் தெரியப்போவுது" என்றது.

வீட்டுக்கு வந்து கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வலது பக்கமாகவே நின்றுவிட்டது. அப்போதுதான் சுருக்கென்றது. ஒரு நாளுக்கே எனக்கு இப்படி என்றால், இந்த மனுஷன் இத்தனை வருஷமாக இப்படித்தானே குந்தியிருந்தார்? டாக்டர் கேட்ட கேள்வி இதுதானே?

ஜூலை 19

இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில். இருவர் மேலும் தைலம். அர்ச்சனா காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வீடியோ காலில் வந்தவள் பார்த்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தாள். நர்ஸுக்குப் படிக்கிற பெண் இப்படியா சிரிப்பாள்.

ஜூலை 21, திங்கள்

சீட்டுக்கு வலது பக்கம் இரண்டு லீவர் இருக்கிறது. கலப்பையை ஏற்றி இறக்குவதெல்லாம் வெளிப்பக்கத்து லீவரால்தான். உள்பக்கத்து லீவர் அடியோடு இறங்கி, வயர் சுற்றிக் கட்டிக் கிடக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"இது எதுக்குங்க?"

"அதத் தொடாத. தொட்டா கலப்ப துள்ளும்."

"எதுக்குன்னு கேட்டேன்."

"வண்டிய வித்தவரு கட்டி வெச்சாரு. நான் இன்னாத்துக்கு அவுக்கறது?"

அதுதானே. கட்டினவரையும் கேட்கவில்லை, கட்டினதையும் அவிழ்க்கவில்லை.

கட்டிங் பிளேயரால் வயரை வெட்டினேன். லீவருக்குக் கீழே ஒரு தகடு. மேலே ஒன்றும் தெரியவில்லை, ஒரே பெயிண்ட். வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு இவரே பிரஷ் வாங்கி வந்து பானட்டிலிருந்து படிக்கட்டு வரை பூசிவிடுவார். எந்தக் கடையில் எந்த நிறம் மலிவோ அந்த நிறம். பழைய பிளேடால் சுரண்டினேன். நீலம் வந்தது, அடியில் பச்சை, அதற்கும் அடியில் சிவப்பு.

"அடியே! சாமிக்கு அடிச்ச பெயிண்டச் சுரண்டுறியே!"

"சாமி கண்ணையே பெயிண்டால மூடிட்டுத்தான இத்தினி வருசம் ஓட்டினீங்க."

கடைசியில் தகடு வந்தது. கோடுகள், இரண்டு சின்னப் படங்கள். வெளிப்பக்கத்து லீவருக்கு நேரே, தரைக்கு மேல் நிற்கும் கலப்பை. உள்பக்கத்து லீவருக்கு நேரே, மண்ணுக்குள் போகும் கலப்பை, பக்கத்தில் மேலும் கீழுமாக அம்புக்குறி. சீட்டுக்கு அடியில் ஒரு திருகு. அதன் இரண்டு பக்கத்திலும் படம் இருந்தது. ஒரு பக்கம் ஆமை, ஒரு பக்கம் முயல். அதை அர்ச்சனா சின்ன வயதில் ஒட்டிய ஸ்டிக்கர் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 22

ஆமைப் பக்கம் திருகினால் கலப்பை மெதுவாக இறங்குகிறது. முயல் பக்கம் திருகினால் பொத்தென்று இறங்குகிறது. அவ்வளவுதானா என்று ஆமைப் பக்கமே கடைசி வரைக்கும் திருகிவிட்டேன். கலப்பை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. லீவரை எவ்வளவு இறக்கினாலும் இறங்கவில்லை. தெருவே கூடி யோசனை சொன்னது. "ஆயில் இல்ல." "பம்பு போச்சு." "கண்ணேறு பட்டுடுச்சி, எலுமிச்சங்காய் வெய்யி."

ஒரு சுற்றுத் திருப்பிவிட்டேன். இறங்கியது. எலுமிச்சங்காய் வைக்கச் சொன்னவர் முகத்தில்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

ஜூலை 24, வியாழன்

அர்ச்சனா ஒரு வீடியோ அனுப்பினாள். தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் இதே மாதிரி பழைய வண்டியைக் காட்டிப் பேசுகிறார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கைப் பேச்சு நன்றாகப் புரிகிறது. வெளி லீவரைக் கடைசி வரைக்கும் இறக்குகிறார். உள் லீவரை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்து ஓரிடத்தில் விடுகிறார். பிறகு ஓட்டுகிறார். கையைக் காற்றில் ஆட்டிக்கொண்டு! பின்னால் திரும்பவே இல்லை!

மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவை பக்கத்தில் நிழல் தட்டியது. இவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பியதும் தண்ணீர் குடிக்க வந்ததாகப் பாவனை.

நானும் அப்படியே செய்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கெட்டி மண்ணில் பழையபடி முங்கியது, பழையபடி என்ஜின் அணைந்தது. "நான்தான் சொன்னேனே" என்றார் இவர். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால்...

ஜூலை 26, சனி

இன்று என்னையே நான் மெச்சிக்கொள்ள வேண்டும். வேறு யாரும் மெச்சப் போவதில்லை.

மணியம்மாக்கா மகனின் ஜீன்ஸுக்குக் கால் மடித்து அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத் தையல் வரும் இடத்தில் துணி நாலு மடிப்பு. அந்தத் தடிப்பில் ஏறும்போது, துணியை அமுக்கிப் பிடிக்கிற கால் தானாகக் கொஞ்சம் மேலே எழும்பியது. தாண்டியதும் தானாக இறங்கியது. தினமும் பார்க்கிறதுதான். இன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கால் எழும்புவது எதனால்? மேலே ஸ்பிரிங் இருப்பதால். ஸ்பிரிங் அசையாமல் இறுகிக்கொண்டால் கால் எழும்பாது, ஊசி ஒடியும்.

ஓடிப்போய் வண்டிக்குப் பின்னால் பார்த்தேன். கலப்பையின் தலையை வண்டியோடு சேர்க்கும் மேல் கம்பி, டாப் லிங்க் என்பார்கள், அது வந்து சேரும் இடத்தில் பெரிய ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. வீடியோவில் பெரியவர் விரலால் அதைத்தான் தட்டித் தட்டிக் காட்டினார். எங்கள் வண்டியில் அந்த இடத்தில் இரண்டு இரும்புப் பட்டைகள் செருகி, அடித்து இறுக்கி, ஸ்பிரிங் அசையவே முடியாமல் கிடக்கிறது.

"இத யாருங்க செஞ்சது?"

"நான்தான்." குரலில் என்ன பெருமை! "வாங்குன புதுசுல டக்கு டக்குன்னு ஆடிச்சி. வெல்டிங் பட்டறையில பட்ட வெட்டியாந்து நானே அடிச்சி எறக்கினேன். அப்பலேர்ந்து ஒரு ஆட்டம் கெடையாது."

"ஆடறதுக்குத்தாங்க அத வெச்சிருக்கான்."

"ஆடுனா லூசுன்னு அர்த்தம். லூசா இருந்தா டைட்டு பண்ணணும்."

"என் மிஷின்ல காலு ஆடலன்னா ஊசி ஒடயும். அந்தக் காலு ஆடறத நீங்க டைட்டு பண்ணுவீங்களா? மண்ணு கெட்டியா வந்தா கலப்ப இந்தக் கம்பிய முன்னால தள்ளும். கம்பி ஸ்பிரிங்க அமுக்கும். அதப் பாத்துதான் வண்டி கலப்பயக் கொஞ்சம் தூக்கிக் குடுக்கும். நீங்க அமுங்கவே வுடலயே! அதுக்கு எப்டி மண்ணு தெரியும்?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கோபமாக நடந்தாலும் பெல்ட் கட்டிக்கொண்டதால் விறைப்பாக, கலெக்டர் மாதிரி நடந்தார்.

ஜூலை 28, திங்கள்

காலையில் கொட்டகையில் டங் டங்கென்று சத்தம். போய்ப் பார்த்தால், என் தையல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குனியாமல், நிமிர்ந்தபடி, இவர் உளியும் சுத்தியலுமாக அந்தப் பட்டையை அடித்துக்கொண்டிருக்கிறார். கலப்பையைத் தரையில் இறக்கி வைத்து, சாவியையும் எடுத்துவிட்டுத்தான் வேலை. வாயில் பீடி. டாக்டர் அதையும் வேண்டாமென்றார்.

டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பட்டை வந்துவிட்டது. இன்னொன்று துருவேறி வர மறுத்தது. நான் டீசலை ஊற்றினேன், அவர் அடித்தார். இரண்டாவதும் விழுந்தது. அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல இரும்புடி" என்றார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

துள்ளியது! இவர் சொன்னபடியே கலப்பை துள்ளியது. எங்கள் சொந்தக் கொல்லையின் ஓரத்தில்தான் ஓட்டிப் பார்த்தேன். மேலே வருகிறது, பொத்தென்று விழுகிறது, மேலே வருகிறது. சீட்டில் நான் குதிக்கிறேன். வரப்பில் நின்ற இவர் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம் பார்த்தால் திருகு முயல் பக்கத்தில் இருக்கிறது. ஆமைப் பக்கம் பாதி திருப்பினேன். துள்ளல் அடங்கிவிட்டது. இவர் சந்தோஷமும் அடங்கிவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலையில் கலந்த சாதம் கட்டி, தாலிக்கயிறு மாற்றி, பதினோரு மணிக்கெல்லாம் மணியம்மாக்காவின் கொல்லைக்குப் போய்விட்டேன். விதை போடுவதற்குள், நான் செய்த மேடு பள்ளத்தை நானே சரி செய்ய வேண்டாமா? நல்ல நாள் அதுவுமாக வேலையா என்று கேட்ட மணியம்மாக்காவுக்குப் புளிச்சோறு கொடுத்து வாயை அடைத்தேன்.

வெளி லீவரை அடியோடு இறக்கினேன். உள் லீவரை மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்து, கலப்பை வேண்டிய ஆழத்தில் போகிற இடத்தில் விட்டேன். கிளட்சை விட்டேன்.

மோட்டார் கொட்டகைப் பக்கம் போனால் கெட்டி மண். பழைய செங்கல் சூளை இருந்த இடம். அங்கேதான் அன்றைக்கு வண்டி செத்துச் செத்துப் போனது. கை பழக்கத்தில் லீவருக்குப் போயிற்று. வேண்டாம் என்று மடியில் வைத்துக்கொண்டேன். என்ஜின் சத்தம் கொஞ்சம் கனத்தது. அவ்வளவுதான். சூளை மண்ணைத் தாண்டினதும் பழைய சத்தம். பின்னால் கலப்பை கொஞ்சம் எழும்பியிருக்க வேண்டும், தாண்டியதும் இறங்கியிருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை! முன்னால் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு நேராக உட்கார்ந்து போனேன். எனக்குச் சத்தம் போட்டுப் பாட வேண்டும் போல இருந்தது. பாடினேன். என்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது.

முதல் லீவர் கலப்பையின் உயரத்தைப் பிடிக்கிறது. இரண்டாவது லீவர் மண்ணின் பாரத்தைப் பார்க்கிறது. இவ்வளவுதான் விஷயம்.

திரும்பி வந்தால் இவர் நாற்காலியில் இல்லை. உழுத சாலில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வருகிறார். நாலடிக்கு ஒரு தடவை குச்சியை மண்ணில் குத்துகிறார், விரலால் அளக்கிறார். சூளை மண் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஏதாவது குறை சொல்வார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஒரே சமமாப் போயிருக்குது" என்றார். பிறகு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இத்தினி வருசமா கழுத்தத் திருப்பிகினே இருந்தேனேடி செல்வி. ஒரு நாளாவது எதுக்குன்னு பாத்தனா?"

அவர் கண் கலங்கியிருந்தது. இறங்கி வந்து புளிச்சோற்றை எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6

டீக்கடையில் இரண்டு நாளாக ஒரே பேச்சுதானாம். இவர் டீ கிளாஸைக் கலப்பையாகவும் பென்ச்சைக் கொல்லையாகவும் வைத்து விளக்குகிறாராம். மணியம்மாக்கா மகன் சொன்னான். "சித்தப்பாதான் அந்த லீவரக் கண்டுபிடிச்ச மாதிரி பேசறாரு சித்தி."

பேசட்டும். பேச்சு வந்துவிட்டதே, அது போதும்.

ஆகஸ்ட் 9, சனி

எங்கள் நெல் கழனியில் தண்ணீர் கட்டி, சேறடிக்க ரொட்டவேட்டர் போட்டேன். பெரிய மேதாவி மாதிரி இரண்டாவது லீவரில் வைத்தேன். ரொட்டவேட்டர் ஒரேயடியாக முங்கிச் சேற்றை வாரி அடித்தது. முகம், தலை, ரவிக்கை, எல்லாம் சேறு.

"எல்லாத்துக்கும் உன் லீவரு இல்லடி!" இவர் வரப்பில் நின்று கைதட்டிச் சிரித்தார். "சேத்துல ஏது பாரம்? அத எதப் பாத்துத் தூக்கும்? சேத்து வேலக்கி என் லீவருதான்."

சரிதான். கொல்லைக்கு என் லீவர், கழனிக்கு அவர் லீவர். சேறோடு சேறாக நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வரும்போது கேட்டேன், ஹபீப் பாய்க்குப் போன் செய்து வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று. சிரிப்பு நின்றது.

"வாக்குக் குடுத்துட்டேன்."

"ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாமே."

"கைய நீட்டிக் குடுத்தேன் செல்வி. அவரு ஆளு பாத்து வெச்சிருப்பாரு. என் வாய்க்கு இன்னா மரியாத இருக்குது?"

இந்த மனுஷனின் வாயில் ஆயிரம் பொய் வரும். லீவரைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பார், நேராகத்தான் உட்காருவேன் என்பார். கை கொடுத்தால் மட்டும் மாற மாட்டார். நான் என்ன செய்ய? எனக்கு அழுகை அழுகையாக வருது. வண்டி போனா போவட்டும், இவர் மறுபடியும் கட்டில்ல போய்ப் படுத்துக்குவாரே... அந்தக் கம்பெனிக்காரன் வேற நேத்து போன் பண்ணிட்டான், ஆவணிக்கு வந்து சேருன்னு.

ஆகஸ்ட் 13

மண்ணாடிப்பட்டிலிருந்துகூட ஒருவர் போன் செய்தார், கரும்புக் கொல்லை உழ வேண்டுமென்று. யார் சொல்லிக் கேள்விப்பட்டாரோ. இவர், "வண்டிய வித்தாச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஹபீப் பாய் லாரியோடு வந்தார். இவர் வெள்ளை வேட்டி கட்டி, வண்டியைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார். நான் உள்ளேயே இருந்தேன். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பாய் வண்டியைச் சுற்றி வந்தவர், "இன்னா முத்து, இந்த உள் லீவரு கட்ட அவுத்துட்டே? அது எந்தப் பழைய வண்டியிலயும் வேல செய்யாது. சும்மா அழகுக்கு வெச்சிருக்கறது" என்றார்.

அவ்வளவுதான். விற்கிறவர் தலையாட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே?

"யார் சொன்னது வேல செய்யாதுன்னு?" இவர் குரல் தெரு முனை வரைக்கும் கேட்டது. "செல்வி! வெளிய வா! வண்டிய எடு!"

பாயையும் லாரி டிரைவரையும் கையைப் பிடிக்காத குறையாகக் கொல்லைக்கு இழுத்துப்போனார். நான் ஓட்டினேன். இவர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்து ஒரே பிரசங்கம். "இப்ப பாருங்க பாய், கெட்டி மண்ணு வருது. செல்வி கையப் பாருங்க, மடியில இருக்குது. ஸ்பிரிங்கப் பாருங்க, அமுங்குதா? கலப்பயப் பாருங்க, லேசா எழுந்திரிச்சிதா? தோ, எறங்கிச்சி பாத்தீங்களா! எங்க வூட்டுல கண்டுபிடிச்சா. நான் இரும்பச் செருவி வெச்சிருந்தேன், மடையன்!" ஊர் முன்னால் தன்னை மடையன் என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை.

பாய் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டு கூடவே நடந்தார். மூன்று சால் போய் வந்தோம். நான் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்து இவர் கையில் கொடுத்தேன். இவர் அதைப் பாயிடம் நீட்டினார். நீட்டினார்... விடவில்லை. பாய் ஒரு பக்கம் பிடிக்கிறார், இவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னாபா, பொண்ணக் கட்டிக் குடுக்கற மாதிரி நிக்கற?" என்றார் பாய்.

"வாக்கு வாக்குதான் பாய். எடுத்துக்குங்க. யாருக்குக் குடுத்தாலும் அந்த லீவரக் கட்டி வெக்க வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க."

பாய் சாவியை விட்டுவிட்டார்.

"நான் எத்தினி பேரு கிட்ட வாங்கியிருக்கேன். விக்கறவன் வண்டியப் பத்தி இவ்ளோ பெருமயாப் பேசிப் பாத்ததே இல்ல. உனக்கு விக்க மனசு இல்லப்பா. உன் வாக்க நானே திருப்பிக் குடுக்கறேன், வெச்சிக்க."

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாய் கையமர்த்தினார். "சும்மா இல்ல. என் எடத்துல நிக்கிற வண்டி அத்தினிலயும் இந்த லீவரு துருப்புடிச்சோ கட்டியோதான் கெடக்குது. நீ வந்து ஒண்ணொண்ணா பாத்து உசுரு குடு. குனிய வேணாம், ஆளு தரேன். நீ குந்திகினு சொல்லு, அவன் செய்யட்டும். வேல செய்யற லீவரோட வித்தா எனக்குத்தானே பேரு?"

குந்திகினு பேசற வேலை! இந்த மனுஷனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை யாரால் கொடுக்க முடியும்?

நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். லாரி டிரைவர்தான் பாவம், கயிறெல்லாம் எடுத்து வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். வடை, பாயசம். பாய்க்கு இரண்டாவது தடவை பாயசம்.

ஆகஸ்ட் 20

வாட்ச்மேன் வேலைக்கு வரவில்லை என்று கம்பெனிக்குப் போன் செய்தார். அதையே கால் மணி நேரம் பேசினார்.

செப்டம்பர் 5, வெள்ளி

ரவிக்கைத் துணி மூன்று அப்படியே கிடக்கிறது. டீச்சரம்மா கோபித்துக்கொண்டார்கள். காலையிலெல்லாம் கொல்லை, கழனி. சாயங்காலம்தான் மெஷினில் உட்கார முடிகிறது.

இவர் வாரத்தில் மூன்று நாள் மதகடிப்பட்டுக்குப் பஸ்ஸில் போய் வருகிறார். இன்று லீவு. வாசலில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. நான் உள்ளே, ஸ்டியரிங் பிடித்துக் கொப்பளித்த கைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன், கேட்டது.

"ஆமாங்க, முத்துக்குமரன்தான் பேசறேன். கொல்லையா, கழனியா? ... செவ்வாக்கெழமையா? இருங்க, டிரைவரக் கேட்டுச் சொல்றேன்."

எட்டிப் பார்த்தார். "செவ்வாக்கெழம காலியா?"

செவ்வாய் முடியாது, புதன்தான் என்றேன்.

"செவ்வா முடியாதாங்க" என்றார் போனில். "டிரைவரு புதங்கெழமதான் வருவாங்களாம்."

செவ்வாயும் காலிதான். அன்றைக்கு டீச்சரம்மாவின் ரவிக்கையை முடித்துவிட வேண்டும்.